காகிதத்தில் ஃப்ரீலான்சர், ஆற்றில் பொறுப்பாளர்: ஒரு ராஃப்டிங் வழிகாட்டிக்குச் சட்ட ஆலோசனை

வாசகரின் கடிதம் ஆறு பக்கம். அடையாளங்களை நீக்கி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவர் தில்லியில் பிறந்து வளர்ந்த தமிழர், வயது 27. அப்பா மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். குருகிராமில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மூன்று பருவங்களாக ரிஷிகேஷுக்கு மேலே கங்கையில் ராஃப்டிங் (காற்றடைத்த ரப்பர் படகில் ஆற்றில் இறங்கும் சாகசப் பயணம்) வழிகாட்டியாக இருக்கிறார். நிறுவனத்தின் அலுவலகம் தென்தில்லியில் உள்ளது. பருவ மாதங்களில் 24,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. சம்பளம் என்ற பெயரில் இல்லாமல் ‘தொழில்முறைக் கட்டணம்’ என்ற பெயரில், பத்து சதவீத வரிப் பிடித்தம் போக. நியமனக் கடிதம் கிடையாது.

கடந்த ஏப்ரல் கடைசி வாரத்தில் மரைன் டிரைவிலிருந்து சிவபுரி வரையிலான பயணத்தில் (மும்பைக் கடற்கரைச் சாலையை நினைத்துக்கொள்ள வேண்டாம், கங்கைக் கரையிலும் அப்பெயரில் ஓர் இடம் உண்டு) ‘த்ரீ பிளைண்ட் மைஸ்’ என்ற ராபிடில் (பாறைகளுக்கிடையே நீர் கொந்தளித்து ஓடும் பகுதி) அவருடைய ராஃப்ட் கவிழ்ந்தது. புனேயிலிருந்து வந்திருந்த 41 வயதுப் பயணி ஒருவருக்குத் தோள்மூட்டு விலகியது. வாசகருக்கும் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. அன்று காலையிலேயே, தண்ணீர் ஏறியிருக்கிறது, சிறு கயாக் படகில் கூடவே வந்து, நீரில் விழுபவர்களை மீட்க வேண்டிய பாதுகாப்பு கயாக்காரர் வரவில்லை என்று தில்லி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். “புக்கிங் ஃபுல், கிளம்பு” என்பதே மேலாளரின் பதில்.

இப்போது அந்தப் பயணியின் வழக்கறிஞர் ஆறரை லட்சம் ரூபாய் கேட்டு நிறுவனத்துக்கும் இவருக்கும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நிறுவனம் இரண்டு மாதப் பணத்தை ‘விவகாரம் முடியட்டும்’ என்று நிறுத்தி வைத்திருக்கிறது. அதே நிறுவனம், ஆகஸ்டில் லடாக்கின் ஜான்ஸ்கர் ஆற்றில் எட்டு நாள் பயணத்துக்கு டிரிப் லீடராகப் போகச் சொல்லி, முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தத்தையும் நீட்டியிருக்கிறது. எந்த விபத்துக்கும் வழிகாட்டியே சொந்தப் பொறுப்பு, நிறுவனத்துக்கு ஏற்படும் செலவை அவர் ஈடு செய்ய வேண்டும். விலகியபின் இரண்டாண்டு வேறு ராஃப்டிங் நிறுவனத்தில் சேரக் கூடாது. பருவத்தின் நடுவில் விலகினால் மூன்று லட்சம் கட்ட வேண்டும். பட்டப்படிப்புச் சான்றிதழின் மூலப்பிரதியை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். “பயணிகள் எல்லோரும் ரிஸ்க் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுத்தான் ஏறுகிறார்கள், உனக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள் நண்பர்கள். ஜெயிலுக்குத்தான் போகப் போகிறாய் என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி?” என்று கேட்டு முடித்திருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் நண்பர்கள் சொல்வதும் சரியில்லை, அப்பா சொல்வதும் சரியில்லை. நானும் ஒரே ஒரு முறை சிவபுரியிலிருந்து ராஃப்டில் இறங்கியிருக்கிறேன். ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து நீட்டப்பட்ட படிவத்தில் எங்கள் குழுவில் எட்டுப் பேரும் ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்திட்டோம். அந்த எட்டில் வழக்கறிஞர்கள் மூவர். அப்படிப்பட்ட படிவத்துக்கு என்ன மதிப்பு என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆற்றுக்கென்று இயல்பான ஆபத்துகள் உண்டு. ராஃப்ட் கவிழலாம், குளிர்ந்த நீர் மூச்சைப் பிடிக்கலாம், பாறையில் கால் இடிக்கலாம். இவற்றைத் தெரிந்துகொண்டுதான் பயணி ஏறினார் என்று காட்ட அந்தப் படிவம் ஓரளவு உதவும். ஆனால் கவனக்குறைவை மன்னிக்கும் சக்தி அதற்கு இல்லை. பாதுகாப்புக் கயாக் இல்லாமல் இறக்கியது, ஏறிய நீரில் முதல்முறைப் பயணிகளை ஏற்றியது போன்றவை ஆற்றின் இயல்பான ஆபத்துகளில் சேராது. அவை யாரோ ஒருவர் எடுத்த முடிவுகள். நுகர்வோர் ஆணையங்கள் இத்தகைய படிவங்களைச் சேவைக் குறைபாட்டுக்கான விடுதலைப் பத்திரமாக ஏற்பதில்லை. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே தனியாக வரையறுத்திருக்கிறது. குற்றவியல் வழக்கிலோ அந்தப் படிவம் இன்னும் பலவீனமானது, ஏனென்றால் அங்கே வழக்கை நடத்துவது அரசு. பயணியின் கையெழுத்து அரசைக் கட்டுப்படுத்தாது.

அப்பாவின் பயத்தில் எவ்வளவு உண்மை

சட்டத்தின் கண்ணில் மூட்டு விலகுவது சிறு காயமாகாது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116ஆம் பிரிவு, எலும்பு முறிவையும் மூட்டு விலகலையும் ‘கொடுங்காயம்’ என்றே வகைப்படுத்துகிறது. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் அளவுக்கு முரட்டுத்தனமாகவோ கவனக்குறைவாகவோ நடந்து கொடுங்காயம் ஏற்படுத்தினால், 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். உயிரிழப்பு ஏற்பட்டால் 106ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் இரண்டாண்டாக இருந்த உச்சத் தண்டனை இப்போது ஐந்தாண்டு.

இவ்வளவு படித்ததும் அப்பா சொன்னது சரிதானோ என்று தோன்றும். ஆனால் ராஃப்ட் கவிழ்ந்தது என்பதாலேயே குற்றம் ஆகிவிடாது. நியாயமான எச்சரிக்கையுள்ள ஒரு வழிகாட்டி செய்யாததை நீங்கள் செய்தீர்கள், அல்லது செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பின் வேலை. தவிர, 125ஆம் பிரிவு பிணையில் விடத்தக்க குற்றம். உங்களுக்கு இதுவரை வந்திருப்பது பணம் கேட்கும் ஒரு தனியார் நோட்டீஸ் மட்டுமே; முதல் தகவல் அறிக்கை எதுவும் பதிவானதாக நீங்கள் எழுதவில்லை.

உங்களுக்கு எதிராக உள்ளதையும் மறைக்காமல் சொல்கிறேன். தண்ணீர் ஏறியிருக்கிறது, கயாக் இல்லை என்று காலையில் நீங்கள் சொன்னது இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. ஆபத்தை எடுத்துச் சொன்னீர்கள், மேலிடம் மீறச் சொன்னது என்று அது நிறுவனத்தைக் காட்டும். ஆபத்து தெரிந்தும் ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கினீர்கள் என்று உங்களையும் காட்டும். முதலாளி சொன்னார் என்பது குற்றவியல் சட்டத்தில் தற்காப்பு ஆகாது. நஷ்டஈட்டு வழக்கில் நிலைமை வேறு. ஊழியர் வேலையின்போது செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பேற்க வேண்டும் என்பது பழைய, உறுதியான கோட்பாடு. சேவைக்குப் பணம் வாங்கியது நிறுவனம்தான் என்பதால், நுகர்வோர் ஆணையத்திலும் முதன்மையான எதிர்த்தரப்பு அதுவே.

இன்னொன்று. விபத்துக்கு மறுநாள் அந்தப் பயணிக்கு வாட்ஸ்அப்பில் “சாரி சார், மை மிஸ்டேக்” என்று அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். மனிதர் என்ற முறையில் அது நல்ல செயல்தான், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஆனால் அது சாட்சியமாக வரும். அதை அழிக்காதீர்கள், அழித்தால் எதிர்த்தரப்பின் தொலைபேசியில் அது இருக்கும், நீங்கள் அழித்தீர்கள் என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். இரண்டு வார்த்தை வருத்தம் சட்டப்படியான பொறுப்பேற்பு ஆகாது என்று வாதிட இடமிருக்கிறது. இனிமேல் அவருக்கு நேரடியாக எதுவும் எழுத வேண்டாம்.

அன்றைய கோப்ரோ கேமரா வீடியோ பதிவையும் அப்படியே வையுங்கள். ராபிடுக்குள் நுழையும்போது உங்கள் இரு கைகளும் துடுப்பில் இருந்தனவா, ‘ஃபார்வர்ட்’, ‘கெட் டவுன்’ என்று எப்போது குரல் கொடுத்தீர்கள், பயணிகளின் லைஃப் ஜாக்கெட் பட்டைகள் இறுகியிருந்தனவா என்பதெல்லாம் அதில் இருக்கும். வெட்டாத, இசை சேர்க்காத மூலக்கோப்பு வேண்டும். மின்னணுச் சாட்சியத்துடன் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இணைக்க வேண்டியிருப்பதால், மெமரி கார்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் எடுத்து வையுங்கள். தேவப்பிரயாகைக்குக் கீழே கங்கையின் மட்டம், அலக்நந்தாவில் வரும் பனியுருகு நீரையும் பாகீரதியில் டிஹ்ரி அணையிலிருந்து விடப்படும் நீரையும் பொறுத்தது. அணையின் நீர்வெளியேற்றம் பதிவாகும் ஒன்று. வழக்கு என்று வந்தால் அன்றைய பதிவைக் கேட்டு வாங்கலாம்.

நீங்கள் ஃப்ரீலான்சரா?

உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் ‘நான் ஃப்ரீலான்சர்தானே, எனக்கு என்ன உரிமை’ என்று வருகிறது. இந்த நினைப்பை விட்டுவிடுங்கள். ஒருவர் ஊழியரா, தனித் தொழில் செய்பவரா என்பதைப் பணம் எந்தப் பெயரில் வந்தது என்பது தீர்மானிப்பதில்லை. வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதையே நீதிமன்றம் பார்க்கும். சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர்கள் தொடர்பாக, 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளியான தாராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கை வழக்கறிஞர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறோம். அக்டோபரிலிருந்து ஜூன் வரை உப்பு விளைவித்து, மழைக்காலத்தில் ஊருக்குப் போய் விவசாயம் பார்த்தவர்கள் அவர்கள். உற்பத்திக்கு ஏற்பக் கூலி, உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளும் சுதந்திரமும் உண்டு. அவர்களையே உச்ச நீதிமன்றம் தொழிலாளர்கள் என்றது. உங்கள் கங்கைப் பருவமும் கிட்டத்தட்ட அதே மாதங்கள்தான், மழைக்காலத்தில் ஆறு மூடப்படும். நேரம், படகு, பயணிகள், சட்டையில் தைத்த சின்னம் அனைத்தும் நிறுவனத்துடையவை. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலையில் “கிளம்பு” என்றது யார்? கூலி கொடுக்கும்போது உங்களைத் தனி ஆள் என்று விலக்கிவிட்டு, ஆற்றில் இறங்கலாமா என்ற கேள்வி வரும்போது மட்டும் முதலாளியாக முடிவெடுக்க நிறுவனத்தால் முடியாது. உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த ஒரு தொலைபேசி அழைப்பு. அதன் நேரம், கால அளவு காட்டும் அழைப்புப் பதிவை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

நிறுத்தி வைத்த இரண்டு மாதப் பணம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி கோரத்தக்கது. மூன்றாண்டுக்குள் மனு செய்யலாம். பயணியின் வழக்கு முடியும்வரை சம்பளத்தைப் பிடித்து வைக்க அதில் இடமில்லை. வேலையை விட்டால், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடிக்க வேண்டும்.

மணிக்கட்டு விஷயத்தில் சற்று நிதானம் தேவை. பழைய தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. வேலையின்போது ஏற்பட்ட காயத்தால் 28 நாளோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால், முதல் நாளிலிருந்தே அரைமாதத்துக்கு ஒருமுறை, மாத ஊதியத்தின் 25 சதவீதம் தர வேண்டும். மருத்துவச் செலவு தனி. கணக்கிடும்போது ஊதியத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், 24,000 முழுவதும் எடுத்துக்கொள்ளப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். யாரெல்லாம் இதில் அடங்குவர் என்று தொகுப்பின் அட்டவணையில் ஒரு பட்டியல் உண்டு. ராஃப்டிங் வழிகாட்டி என்ற பெயர் அதில் இல்லை, நிறுவனத்தின் வழக்கறிஞர் முதலில் அதைத்தான் பிடிப்பார். ஆகவே இதை வெல்லக்கூடிய கோரிக்கை என்று சொல்வேன், நிச்சயமான கோரிக்கை என்று சொல்லமாட்டேன்.

முத்திரைத்தாளில் நீட்டிய ஒப்பந்தம்

முத்திரைத்தாளில் எழுதிவிட்டால் எதுவும் செல்லும் என்று நம் ஊரில் ஒரு மயக்கம் இருக்கிறது. விலகியபின் இரண்டாண்டு வேறு நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற வரி, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது. சான்றிதழின் மூலப்பிரதியைப் பிணையாகப் பிடித்து வைக்க நிறுவனத்துக்கு உரிமை இல்லை. நகல் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.

நடுவில் விலகினால் மூன்று லட்சம் என்பதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி தன் அதிகாரியிடம் முன்கூட்டியே விலகியதற்காக வாங்கிய இரண்டு லட்சம் ரூபாயைச் சரியென்று உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அங்கே பெரிய அளவில் ஆளெடுப்புச் செலவு, உயர்ந்த சம்பளம், தெளிவான விதிகள் இருந்தன. 24,000 வாங்குபவருக்கு ஓராண்டுச் சம்பளத்துக்கு மேற்பட்ட தொகை நியாயமான நஷ்டக் கணக்காகுமா என்று கேட்க முடியும் என்றாலும், கையெழுத்திட்டபின் அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் நின்று கேட்க வேண்டியிருக்கும். நீக்கச் சொல்லுங்கள், இல்லையேல் ஒரு மாத ஊதியம் என்று குறைக்கச் சொல்லுங்கள்.

எந்த விபத்துக்கும் நீங்களே ஈடு செய்ய வேண்டும் என்ற வரிதான் உண்மையில் ஆபத்தானது. வெளியாருக்கு எதிராக அது நிறுவனத்தைக் காப்பாற்றாது; பயணிக்கு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு, பிறகு உங்கள்மீது திரும்ப அது வழி செய்கிறது. இப்போதுள்ள நோட்டீஸுக்கும் அதைப் பின்னோக்கிப் பொருத்தப் பார்ப்பார்கள் என்பதே என் சந்தேகம், ஏனெனில் ஒப்பந்தத்தில் தேதி இடம் காலியாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரி இருக்கும்வரை கையெழுத்து வேண்டாம்.

ஜான்ஸ்கருக்குப் போவதானால்

சிவபுரியில் ராஃப்ட் கவிழ்ந்தால் மேலே நெடுஞ்சாலை, ஒரு மணி நேரத்துக்குள் ரிஷிகேஷ் மருத்துவமனை. ஜான்ஸ்கரின் பள்ளத்தாக்கில் இரு பக்கமும் செங்குத்துப் பாறை. நிம்முவில் சிந்துவுடன் சேரும்வரை கரையேற இடமே இல்லாத நீளங்கள் உண்டு. பனியாற்று நீர் என்பதால் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு அடங்காது. கைகால்கள் உருப்படியாக இயங்குவது சுமார் பத்து நிமிடம். வெயிலில் பனி உருக உருகப் பிற்பகலில் நீர் ஏறும். 2015இல் மேலே நிலச்சரிவு அடைத்திருந்த ஃபுக்தல் ஆறு மே மாதம் உடைத்துக்கொண்டு வந்து, கீழே பாலங்களை அடித்துச் சென்றதை நீங்கள் மூத்த வழிகாட்டிகளிடம் கேட்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட இடத்தில் ‘இன்று இறங்க வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லாவிட்டால், டிரிப் லீடர் என்ற பட்டம் பழியைச் சுமக்க மட்டுமே பயன்படும். உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் ஊழியர் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்று பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. பள்ளத்தாக்குக்குள் நின்றுகொண்டு ஆய்வாளரை எங்கே தேடுவது? எனவே ஒப்பந்தத்தில் நீங்கள் கேட்க வேண்டியவை இவை:

1. நீர்மட்டம், வானிலை, பயணியின் உடல்நிலை ஆகியவற்றை வைத்துப் பயணத்தை நிறுத்தவும் தாமதிக்கவும் டிரிப் லீடருக்கே இறுதி அதிகாரம். அதற்காகச் சம்பளப் பிடித்தமோ வேலைநீக்கமோ இருக்காது.

2. பாதுகாப்பு கயாக்காரர் இல்லாமல், குளிர்காப்பு உடை இல்லாமல் எந்த ராஃப்டும் இறங்காது. எத்தனை ராஃப்டுக்கு எத்தனை கயாக் என்ற எண்ணிக்கையும் எழுத்தில் வேண்டும்.

3. பயணிகளுக்கு ஏற்படும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடும், வழிகாட்டிகளுக்கான விபத்துக் காப்பீடும் நிறுவனத்தின் செலவில். பாலிசியின் விலக்குகள் பகுதியை நீங்களே படியுங்கள். சாகச விளையாட்டுக்குப் பொருந்தாது என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

அவசரத் தொடர்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. உங்கள் நிறுவனம் வெளிநாட்டில் வாங்கிய செயற்கைக்கோள் மெசேஜர் ஒன்றைக் கொடுத்தனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். இந்தியாவில் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசியோ அத்தகைய கருவியோ வைத்திருப்பது குற்றம். அதனுடன் விமான நிலையத்தில் பிடிபட்ட சுற்றுலாப் பயணிகள் உண்டு. லே விமான நிலையத்தில் பை உங்கள் கையில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். பிஎஸ்என்எல் வழியாக முறையாகப் பெற்ற கருவியையும் அதன் அனுமதிக் கடிதத்தின் நகலையும் கேளுங்கள். உங்கள் தில்லி ப்ரீபெய்டு சிம்மும் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

முகாமிட்டதும் நீர் விளிம்பில் ஒரு குச்சியை ஊன்றி வைத்து, விடிந்ததும் தண்ணீர் அதைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் தொழிலில் வழக்கம் என்று அறிவேன். அந்தக் குச்சியை மாலையும் காலையும், நேரம் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஒரு நோட்டில் மட்டம், நீரின் நிறம், யார் யாருக்கு என்ன பயிற்சி கொடுத்தீர்கள், எந்தப் பயணி எதை மறுத்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். வழக்கு வந்தபின் எழுதும் நாற்பது பக்க விளக்கத்தைவிட அன்றன்று எழுதிய நான்கு வரியை நீதிபதிகள் அதிகம் நம்புவார்கள். தனியாக, வங்கிக் கணக்கு வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவிலும் சேர்ந்துவிடுங்கள். விபத்தில் உயிரிழந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம். தொகை சிறியதுதான், சேராமல் இருக்கக் காரணம் இல்லை.

நிறுவனம் முதல் நிபந்தனையை மறுத்தால், இந்த ஆகஸ்டில் டிரிப் லீடராகப் போக வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இன்னொருவர் தலைமையில் இரண்டாவது வழிகாட்டியாகப் போவதும், வேறு நிறுவனம் தேடுவதும் உங்கள் விருப்பம். இரண்டு மாதப் பணம் போய்விடுமே என்ற பயத்தில் கையெழுத்திடாதீர்கள். அந்தப் பணம் எப்படியும் சட்டப்படி உங்களுடையது.

கடைசியாக நோட்டீஸ். நிறுவனத்தின் வழக்கறிஞர் இருவருக்கும் சேர்த்துப் பதில் அனுப்பிவிடுகிறேன் என்றதாகவும், செலவு மிச்சம் என்று நீங்கள் தலையாட்டியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை உடனே மின்னஞ்சலில் மறுத்துவிடுங்கள். ‘வழிகாட்டி எங்கள் அறிவுறுத்தலை மீறினார்’ என்று ஒரு வரி அந்தப் பதிலில் நுழைந்தால், அது உங்கள் பெயரிலேயே போன பதிலாக இருக்கும். தனி வழக்கறிஞர் மூலம் சுருக்கமாக, பொறுப்பை மறுத்து, தொலைபேசி அழைப்பைக் குறிப்பிட்டுப் பதில் கொடுங்கள். நோட்டீஸில் உள்ள 15 நாள் கெடு அனுப்பியவர் வைத்தது, ஒன்றிரண்டு நாள் தாண்டினால் உரிமை போய்விடாது. நுகர்வோர் ஆணையத்திலிருந்து அறிவிப்பு வந்தால் கணக்கு வேறு: பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15. அதற்கு மேல் ஒரு நாளும் நீட்டிக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு முடிவு செய்துவிட்டது. புகார் கொடுப்பவர் தாம் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் அது புனேயிலிருந்து வரக்கூடும், அதுவும் நீங்கள் ஆற்றில் இருக்கும்போது. அறிவிப்பு வந்தால் பிரித்துப் பார்த்து, அன்றே வழக்கறிஞரிடம் சேர்க்கும்படி அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.